எம்னாவின் தலையும் ஏழாவது நேர்முகமும்

இதனால் துனிஸ் மாநகரத்தாருக்கும், குலெத் துறைமுகவாசிகளுக்கும், கடலோர ரயிலில் தினமும் நசுங்கிப் போய்வரும் பொதுமக்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: ஏப்ரல் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்கு, எம்னா கர்ஸல்லி என்கிற இருபத்தேழு வயதுப் பெண், தன் கழுத்துக்கு மேல் தன்னுடைய சொந்தத் தலையையே வைத்துக்கொண்டு ஒரு வேலைக்கான நேர்முகத்துக்குப் புறப்பட்டாள். எங்கள் தெருவில் இதற்கு முன் யாரும் இப்படிச் செய்ததில்லை.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு தலைமுடி உண்டு. ஒன்று முளைப்பது. மற்றது வெளியே காட்டுவது. முளைப்பது சுருள் சுருளாக, கடல் காற்று பட்டால் இரண்டு மடங்காக உப்பி நிற்கும். அதோடு வீட்டில் இருக்கலாம், மீன் கழுவலாம், அண்ணன் தம்பியோடு சண்டை போடலாம். ஆனால் கல்யாணம், நீதிமன்றம், வங்கி மேலாளர், நேர்முகம் என்று வந்துவிட்டால் 'பிரஷிங்' செய்துகொண்டுதான் போக வேண்டும். பிரஷிங் என்றால் வேறொன்றுமில்லை. எங்கள் முடிதிருத்தக் கடை ஹயாத் மாதிரி தோள்பலம் உள்ள ஒருத்தி, ஒரு கையில் டிரையரும் மறு கையில் உருளைச் சீப்பும் பிடித்து, முக்கால் மணி நேரம் உங்கள் தலையோடு மல்லுக்கட்டுவாள். கடைசியில் முடி தோற்கும். தட்டையாகத் தொங்கும். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் யாரோ விருந்தாளி நிற்பாள்.

எம்னா அப்படி ஆறு முறை விருந்தாளியாகப் போனாள். காப்பீட்டுச் சட்டம் படித்து நான்கு வருஷம் ஆயிற்று. ஆறு நேர்முகம், ஆறு பிரஷிங். ஆறாவது பிரஷிங்கில் ஹயாத் இஸ்திரிச் சீப்பைக் கொஞ்சம் அதிகமாக நம்பிவிட்டாள். வலது காது மடலில் தீக்காயம். நேர்முகத்தில் இருந்தவர்கள் காதைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஏழாவது அழைப்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், என் காரின் காப்பீடு அவர்களிடம்தான் இருக்கிறது. பதவியின் பெயர், 'வாடிக்கையாளர் உறவு மேலாண்மை உதவி அதிகாரி'. அதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவருக்கே வேலையைக் கொடுத்துவிடலாம். என்ன வேலை என்று விளம்பரத்தில் இல்லை. அரபும் பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும், தெளிவான குரல் வேண்டும் என்று ஒரு வரி. தோற்றம் கண்ணியமாக இருக்க வேண்டும் என்று மூன்று வரி. ஒரே ஒரு இடம்.

அன்று காலை அவளுடைய அம்மா ஸக்கியா ஆறு மணிக்கே கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஹயாத்துகிட்ட ஆறரைக்கு இடம் சொல்லி வெச்சிருக்கேன். எழுந்திரி."

"போகலை."

"நேர்முகத்துக்கா?"

"ஹயாத்துகிட்ட."

ஸக்கியா கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னடி சொல்றே? இந்தப் பரட்டைத் தலையோட போனா வாசல் காவலாளியே துரத்திவிடுவான்."

"சுருட்டைம்மா. பரட்டை இல்லை."

"உனக்குச் சுருட்டை. பாக்கறவனுக்குப் பரட்டை."

"ஆறு தடவை நேராக்கிட்டுப் போனேன். ஆறு தடவையும் 'நாங்களே கூப்பிடறோம்'னாங்க. எவனாவது கூப்பிட்டானா? காது வெந்ததுதான் மிச்சம். இந்தத் தடவை வேலை கிடைச்சாலும் இந்தத் தலைக்குக் கிடைக்கட்டும். கிடைக்கலேன்னாலும் இதுக்கே கிடைக்காம போகட்டும்."

ஏழு மணிக்கு ஹயாத்தே டிரையரை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறி வந்துவிட்டாள். அவளுக்கு இது தொழில் கௌரவம் சம்பந்தப்பட்ட விஷயம்.

"ஸக்கியா அக்கா, தள்ளுங்க, நான் பேசறேன். எம்னா, இங்க பாரு. இந்த டிரையராலே எத்தனை பொண்ணுங்களுக்கு வேலை கிடைச்சிருக்கு தெரியுமா?"

"எத்தனை பேருக்கு, ஹயாத் அக்கா?"

ஹயாத் யோசித்தாள். நேர்மையான பெண். "ரெண்டு பேருக்கு," என்றாள். பிறகு, "ஒருத்தி என் கடையிலேதான் இருக்கா."

எம்னா மற்ற எதிலும் குறை வைக்கவில்லை. அதை இங்கே பதிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு தெருவில் அவள் தூங்கி எழுந்த கோலத்தில் போனாள் என்று பேச்சு வந்தது. முந்தின நாள் சாயங்காலமே தலைக்குக் குளித்து, ஆலிவ் எண்ணெய் தடவி, ஈரத்தோடு விரலால் கோதிக் காயவிட்டிருந்தாள். வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டாள். நகம் வெட்டினாள். செருப்புக்கடைக்காரனே தோற்கும்படி ஷூவைத் துடைத்தாள். எங்கள் தெருவில் நேர்முகத்துக்கென்றே ஒரு கறுப்புக் கோட்டு இருக்கிறது, வீடு வீடாகச் சுற்றி இதுவரை பதினான்கு நேர்முகம் பார்த்த கோட்டு. அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தோளில் கொஞ்சம் தொளதொளப்பு, அவ்வளவுதான். தலைமுடி சுத்தமாக, பளபளப்பாக, தன்னுடைய வடிவத்தில் இருந்தது. அதுதான் குற்றம்.

அன்று ரயில் வழியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. அதில் ஒரு அம்மாள் தன் மகளிடம், "பாரு, தலை வாராம வந்திருக்கு பாவம், வீட்ல யாரும் இல்லை போலிருக்கு," என்றாள். எம்னா திரும்பி, "வீட்ல எல்லாரும் இருக்காங்க. அவங்களும் இதையேதான் சொன்னாங்க," என்றாள்.

நிறுவனத்தின் வாசலில் மப்ரூக் என்ற காவலாளி ஒரு தாளோடு நின்றிருந்தார். விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படங்களை வரிசையாக நகலெடுத்த தாள். ஒன்பது பெண்கள். வேலைக்கு எழுதும்போது புகைப்படம் ஒட்டாமல் அனுப்பினால் எங்கள் ஊரில் அது விண்ணப்பமே இல்லை. எம்னாவின் படத்தை எடுக்கும் முன்பு ஸக்கியா அவளை எங்கே இழுத்துக்கொண்டு போனாள் என்று சொல்லத் தேவையில்லை.

மப்ரூக் தாளைப் பார்த்தார். எம்னாவைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இது நீ இல்லையே, பொண்ணே."

"நான்தான் மாமா. அதுல முடியை நேராக்கியிருக்கேன்."

"எம்னா கர்ஸல்லிதானே? அவ உள்ளே போய் ஒரு மணி நேரமாச்சு. நானே குறி போட்டிருக்கேன் பாரு."

எம்னா அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அந்தப் படத்திலும் பிரஷிங். பல்கலைக்கழக அட்டையை நீட்டினாள். அதிலும் பிரஷிங். நூலக அட்டை, ரயில் அட்டை, எல்லாவற்றிலும் அந்தத் தட்டைத்தலை விருந்தாளி மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து ஸக்கியா தன் மகளை இயற்கை நிலையில் எந்தக் காமிராவுக்கும் காட்டியதில்லை. இந்தக் குடியரசின் எந்தக் காகிதத்திலும் எம்னா எம்னாவாக இல்லை.

"நான் குறி போட்டது போட்டதுதான்," என்றார் மப்ரூக். "ஆனா நீ இவ்வளவு உறுதியா நிக்கறே. மேலே போய் அவங்ககிட்ட சொல்லிக்கோ. நான் விட்டேன்னு மட்டும் சொல்லாதே."

இரண்டாம் மாடி நடையில் எட்டுப் பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். எட்டுக் கறுப்புக் கோட்டு, எட்டு வெள்ளைச் சட்டை, நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் தட்டையாகத் தொங்கும் எட்டுத் தலை. ஒரே அச்சில் சுட்ட பிஸ்கட் மாதிரி. அவர்களுடைய தாய்மாரைக் கூட்டி வந்து விட்டிருந்தாலும் தடுமாறித்தான் போயிருப்பார்கள்.

எம்னா நடுவில் நின்று, "இங்கே யாரு எம்னா கர்ஸல்லி?" என்று கேட்டாள்.

ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பெண்ணின் முகம் வெளுத்தது. எழுந்து வந்தாள். "அக்கா, நீங்கதான் எம்னாவா? மன்னிச்சுக்கோங்க. என் பேரு ஷாதியா."

"என் பேர்ல நீ போனியா?"

"நான் போகலை அக்கா. மேடம் வெளியே வந்து 'எம்னா கர்ஸல்லி'ன்னாங்க. யாரும் எழுந்திருக்கலை. கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாங்க, எங்க எல்லாரையும் பார்த்தாங்க, என்னைப் பார்த்து விரலை நீட்டி 'வா'ன்னாங்க. நான் என்ன பண்றது? நீங்க தப்பா சொல்றீங்கன்னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா?"

சொல்ல முடியாதுதான். எங்கள் ஊர் அலுவலகங்களில் மேலதிகாரி விரலை நீட்டினால் விரலுக்குத்தான் மரியாதை. பெயரெல்லாம் பிறகு.

"உள்ளே என்ன கேட்டாங்க?"

"நாலு வருஷமா ஏன் வேலை இல்லைன்னாங்க. நான் போன மாசம்தான் படிப்பை முடிச்சேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கூடவே இருந்து பாத்துக்கிட்டேன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் அழுதேன்கூட."

"நம்பினாங்களா?"

"மேடமும் அழுதாங்க அக்கா."

"உன் பேரைக் கூப்பிடலையா?"

ஷாதியா கண்ணால் பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினாள். "கூப்பிட்டாங்க அக்கா. ஆனா விரலை அவங்களை நோக்கி நீட்டிட்டாங்க." அவளுக்கு அடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஜெர்மன் தெரியும்னு ஒத்துக்கிட்டேன்," என்றாள். அதற்கடுத்தவள், "ஜெர்மன் தெரிஞ்சது நான்தான். என்கிட்ட குழந்தை எப்படி இருக்குன்னு கேட்டாங்க," என்றாள். எட்டுப் பேரும் உள்ளே போய் அடுத்தவள் வாழ்க்கைக்குப் பதில் சொல்லிவிட்டு, முடிவு தெரியக் காத்திருந்தார்கள்.

எம்னாவுக்கு நிலைமை புரிந்தது. இந்த நேர்முகத்தில் அவளுக்கு இருந்த ஒரே போட்டி, நன்றாக அழுத எம்னா கர்ஸல்லிதான். கூப்பிடக் காத்திராமல் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

நீள மேசைக்குப் பின்னால் இயக்குநர் ரவூஃப் இருந்தார். பெயருக்கு முன்னால் 'ஸீ' என்ற மரியாதைச் சொல்லைப் போடாமல் அவரை அவருடைய மனைவிகூடக் கூப்பிட்டதில்லை என்று சொல்வார்கள். எனவே ஸீ ரவூஃப். பக்கத்தில் ஆள்சேர்ப்பு அதிகாரி மேடம் வஸீலா. கண்ணாடி மாதிரி வழுவழுப்பான தலை, ஒரு முடி இடம் மாறாது. மேசையில் ஒன்பது கோப்பும் தண்ணீர்க் குவளையும் இருந்தன.

"யாரும்மா நீ? துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கறது வியாழக்கிழமை," என்றாள் மேடம்.

"நான் எம்னா கர்ஸல்லி."

மேடம் கோப்பைத் திறந்து புகைப்படத்தைப் பார்த்தாள். "எம்னா கர்ஸல்லியை ஒன்பதரை மணிக்கே பாத்தாச்சு. நல்ல பொண்ணு. கஷ்டப்பட்ட குடும்பம்."

"எங்க அப்பா நல்லாத்தான் இருக்கார், மேடம். இப்பகூட தூண்டிலோட துறைமுகத்துல உக்காந்திருப்பார்."

ஸீ ரவூஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முக்கியமான தீர்மானங்களுக்கு முன்னால் அவர் அப்படிச் செய்வது வழக்கம். "இந்த நிறுவனம் முப்பத்தெட்டு வருஷமா ஆவணங்களின் மேல நிக்குது. ஆவணத்துல இருக்கிற முகம் ஒண்ணு. என் எதிரே நிக்கற முகம் வேற. நான் எதை நம்பணும்?"

"முகம் ஒண்ணுதாங்க. முடிதான் வேற."

மேடம் வஸீலா இரக்கத்தோடு முன்னால் சாய்ந்தாள். "இதுல தகராறே வேண்டாம். எதிர்ப் பக்கம் ஒரு கடை இருக்கு. அரை மணி நேரம் போதும். இந்தப் போட்டோவுல இருக்கற மாதிரி ஆகி வந்து நில்லு. நீதான்னு ஒத்துக்கறோம். உன்னை ஒழுங்கா விசாரிக்கறோம். நியாயம்தானே?"

நியாயமாகத்தான் பட்டது. எம்னா நான்கு வருஷத்தை நினைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை நினைத்தாள். 'சரி' என்று சொல்ல அவள் வாய் திறந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் பார்த்து வலது காது மடலில் ஆறிய புண் அரித்தது.

"முடியாதுங்க."

"என்னது?"

"நான்தான் நான்னு நிரூபிக்கறதுக்கு நான் வேற ஆளா மாறி வரணுமா? வெளியே எட்டு பேர் உக்காந்திருக்காங்க. எட்டு பேரும் போட்டோ மாதிரியேதான் இருக்காங்க. அதுல யாரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மன் தெரிஞ்சவகிட்ட குழந்தையை விசாரிச்சிருக்கீங்க. ஆளுக்கு ஒரு குவளை தண்ணியைத் தலையில ஊத்திப் பாருங்க, அப்ப தெரியும் எத்தனை எம்னா இருக்காங்கன்னு."

இவ்வளவு பேசியதில் தொண்டை வறண்டுவிட்டது. குடிக்கத்தான் குவளையை எடுத்தாள்.

மேடம் வஸீலா "வேண்டாம்!" என்று அலறி, இரண்டு கையாலும் தன் தலையைப் பொத்திக்கொண்டு, நாற்காலியோடு பின்னால் போய் அலமாரியில் மோதினாள்.

ஸீ ரவூஃப் பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் தன் சக அதிகாரியின் தலையைக் கவனித்துப் பார்த்தார்.

"உங்களுதும் அப்படியா, மேடம்?"

மேடம் கையை இறக்கவில்லை. "அலுவலக நேரத்துல இல்லைங்க," என்றாள்.

எம்னா தண்ணீரைக் குடித்துவிட்டுக் குவளையை வைத்தாள். பிறகு அடையாள அட்டையைத் திருப்பி மேசைமேல் போட்டாள். அட்டையின் பின்பக்கம் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது.

"அதோ, முத்திரை மை இருக்கு. என் விரலை வெச்சுப் பாருங்க. அதுவும் சுருள் சுருளாத்தான் இருக்கும். அதை மட்டும் எங்க அம்மா நேராக்கலை."

அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, தன் கோப்பின்மேல், அந்தத் தட்டைத்தலைப் புகைப்படத்துக்குப் பக்கத்திலேயே பதித்தாள்.

ஸீ ரவூஃப் இழுப்பறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். அவருடைய நிறுவனம் அச்சிடும் காப்பீட்டுப் பத்திரங்களின் பொடி எழுத்தை அவரே படிப்பதற்காக வைத்திருந்தது. ரேகை பார்க்கத் தெரியாது என்று ஒத்துக்கொள்வது ஒரு இயக்குநருக்கு அழகல்ல. வெகுநேரம் பார்த்தார். இரண்டு முறை 'ம்' கொட்டினார்.

"சந்தேகமில்லை. ஒத்துப்போகுது."

"அட்டை தலைகீழா இருக்குங்க," என்றாள் எம்னா.

அவர் திருப்பி வைத்துப் பார்த்தார். "இப்பவும் சந்தேகமில்லை."

பிறகு முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, "சரி. உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

எம்னா முதல்முறையாகக் கொஞ்சம் தடுமாறினாள். ஆறு நேர்முகத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வெள்ளத்தில் கார் மூழ்கினால் நிறுவனம் எதைச் சொல்லித் தட்டிக்கழிக்கும், அதற்குச் சட்டத்தில் என்ன பதில் என்று பத்து நிமிஷம் அரபில் சொன்னாள். பிரெஞ்சில் ஒரு பத்திரத்தை வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரியில் இருந்த பொடி எழுத்தைக்கூட பூதக்கண்ணாடி இல்லாமல் வாசித்தாள். முடிந்ததும் ஸீ ரவூஃப், "குரல் நல்லா இருக்கு," என்றார். மேடம் வஸீலா தலையிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் கழித்து நியமனக் கடிதம் வந்தது. தைரியத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள், அறிவைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று எங்கள் தெருவில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். மப்ரூக் சொன்ன காரணம்தான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. கோப்புகளை அடுக்கிப் பார்த்தபோது, எந்தப் பதில் யாருடையது என்று மற்ற எட்டிலும் புரியவில்லையாம். மறுபடி கூப்பிட்டு விசாரித்தால் மேடத்தின் விரல் தவறிவிட்டது என்று எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டிவரும். ஆள் இன்னார்தான் என்று அந்த நிறுவனத்துக்கு உறுதியாகத் தெரிந்தது ஒரே ஒருத்தியைத்தான். அவள் கோப்பில் ரேகை இருந்தது.

ஸக்கியா கடிதத்தைத் தெரு முழுக்கக் காட்டினாள். "நான்தான் சொன்னேன், உன் முடிக்கு என்னடி குறைச்சல், அப்படியே போன்னு," என்றாள். கேட்டுக்கொண்டிருந்த எம்னா ஆமாம் என்று தலையாட்டினாள், தாயாயிற்றே. ஹயாத் தன் கடை வாசலில் புதுப் பலகை மாட்டினாள்: 'நேர்முகத்துக்கு இயற்கைச் சுருள் செய்து தரப்படும்.' கறுப்புக் கோட்டு மூன்று வீடு தள்ளிப் பதினாறாவது நேர்முகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

முதல் நாள் வேலைக்கு எம்னா அதே தலையோடுதான் போனாள். அன்று காற்றில் ஈரம் அதிகம். முடி கம்பீரமாக விரிந்து, ரயிலில் ஒரு இருக்கைக்கும் கொஞ்சம் கூடுதலாகவே இடம் பிடித்தது. வாசலில் மப்ரூக் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். தாளைப் பார்க்கவில்லை. "வா பொண்ணே, உன் இடத்தைக் காட்டறேன்," என்று முன்னால் நடந்தார்.

படிக்கட்டில் மேலே போகவில்லை. கீழே போனார்.

நிலவறையில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி. எம்னா அதை முடிக்குள் செருகி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேலை, தொலைபேசியில் பதில் சொல்வது.